ஆனா அம்மா

தண்ணீரைக் கல்லாக்கி விற்றுப் பிழைத்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். துறைமுகத்தில் மீன் கூடைக்கு ஐஸ் உடைத்துப் போடும் கூலியாகச் சேர்ந்து, எந்த பாக்டரியின் ஐஸை உடைத்தேனோ அந்த பாக்டரியையே பிற்பாடு வாங்கினேன். இன்றைக்கு இந்தக் கரையில் என் ஐஸ் படாத மீன் ஒன்றுகூட மார்க்கெட்டுக்குப் போவதில்லை. இதையெல்லாம் நம் வியாபாரிகள் சங்கத்து மலரில் இரண்டு தடவை விவரமாக எழுதியிருக்கிறேன். படிக்காதவர்கள் தேடிப் படித்துக்கொள்ளவும்.

மூன்றாம் தடவையும் என்னைப் பற்றி எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தும் இந்த முறை என் மருமகளைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கடல் சுவர் விஷயத்தில் அவளைப் பற்றித் துறைமுகத்தில் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதே தெரியாது. கூடவே இருந்து பார்த்தவன் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

அவளும் ஐஸ் வேலைதான் பார்க்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு ஐஸ். என் ஐஸைக் கையால் தொடலாம், கொக்கி போட்டு இழுக்கலாம். அவளுடைய ஐஸை அவளே தொட்டதில்லை. உலகத்தின் அடிக்கோடியில் மலை மலையாகக் கிடக்கிறது அது. இவள் இங்கே கடல் ஆராய்ச்சி ஆபீசில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அந்த ஐஸ் எப்படி நகரும், எப்போது உடைந்து கடலில் விழும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள். அது விழுந்தால் இங்கே கடல் ஏறும். எங்கேயோ விழுவதற்கு இங்கே ஏன் ஏற வேண்டும் என்று கேட்காதீர்கள். நிறைந்த தொட்டியில் அந்தப் பக்கம் கல்லைப் போட்டால் இந்தப் பக்கமும்தான் வழியும்.

அவள் பிறந்தது கீழ்த்தெருவில். மீன் கூடத்துக்குப் பின்னால், கடல் ஏறுகிற நாளில் வாசலில் தண்ணீர் நிற்குமே, அந்தத் தெரு. என் சம்பந்தி, அதாவது அவளுடைய அம்மா, மீன் கூடத்தில் தரம் பிரிக்கிறவர். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். பெண் படித்தாள், படித்தாள், அப்படிப் படித்தாள். எதுவரைக்கும் படித்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் மகன் இப்போது பாக்டரியைப் பார்த்துக்கொள்கிறான், அவன்தான் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டதாகச் சொல்லிக்கொள்வான். சொல்லிவிட்டுப் போகட்டும். ஐஸ் வாங்க வரும் அம்மாவோடு அவள் வந்து நிற்பாள். ஐஸ் பார் வெட்டுகிற இடத்தில் நின்று, உடைகிற கோட்டையே முறைத்துப் பார்ப்பாள். அப்போதே நான் பார்த்து வைத்துவிட்டேன்.

கல்யாணப் பேச்சின்போது அவளை ஒரு கேள்வி கேட்டேன். "ஏம்மா, எங்க வீடு உனக்குச் சரிப்பட்டு வருமா?"

வேறு பெண் என்றால் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றிருக்கும். இவள் கொஞ்சம் யோசித்தாள். "வரும் மாமா. ஆனா, அது நீங்க எப்படி நடந்துக்கிறீங்கங்கிறதையும் பொறுத்தது."

என் மகனுக்கு இருமல் வந்துவிட்டது. சம்பந்தி மகளின் தொடையில் நறுக்கென்று கிள்ளியதை நான் பார்த்தேன். எனக்குப் பிடித்துப் போயிற்று.

ஆபீசிலும் அவளுக்கு அதுதான் பட்டப்பெயர்: ஆனா அம்மா. கடல் ஏறுமா என்று கேட்டால், "ஏறும், ஆனா..." எவ்வளவு என்று கேட்டால், "இவ்வளவு, ஆனா..." நானும் விடமாட்டேன். "நான் மூணாவதுதான் படிச்சேன். ஆனாவைத் தாண்டி ஆவன்னாவுக்குப் போயிட்டேன். நீ இவ்வளவு படிச்சும் இன்னும் ஆனாவுலயே நிக்கிறியே" என்பேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் பாதியிலேயே உட்கார்ந்துவிடும்.

அவள் சோம்பேறி இல்லை. களைத்துப் போனவள். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும், ஆயிரம் பேரை வேலை வாங்கியிருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படியில் உட்காருவாள். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்ற மறந்து அப்படியே இருப்பாள். கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படியும். கணக்கு ஒன்றை மெஷினில் ஏற்றிவிட்டால் அது ஓடி முடிய வாரக்கணக்கில் ஆகுமாம். முடிந்ததும் அதையே கொஞ்சம் மாற்றி மறுபடி. அப்புறம் மறுபடி. போகிற வழியெல்லாம் மனிதர்கள் வேறு பிடித்துக்கொள்வார்கள். ஏலக்காரர் கேட்பார், "என்னம்மா, கடல் எப்போ வருது? பொண்ணுக்கு வீடு கட்டலாமா, வேண்டாமா?" டீக்கடையில் கேட்பார்கள், "எப்போ?" கல்யாண வீட்டில் கையை அலம்புகிற இடத்தில் கேட்பார்கள், "எப்போ?" ஜோசியக்காரியிடம் கேட்கிற மாதிரி. ஜோசியக்காரியாவது வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் தட்சிணை வாங்கிக்கொண்டு போவாள். இவளுக்கு அதுவும் இல்லை.

எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஒருநாள் பாக்டரி முற்றத்தில் வைத்துக் கேட்டேவிட்டேன்.

"ஐஸ் கரையறதுக்கு ஒரு கணக்கு இருக்கும்மா. வெயிலைப் பார்த்தா இந்தப் பார் எப்போ பாதியாகும்னு நான் சொல்லிடுவேன். நீ இத்தனை வருஷமா பார்த்தும் சொல்ல மாட்டேங்கிறியே?"

"நீங்க சொல்லிடுவீங்க மாமா. ஆனா அது கரையற கணக்கு. என்னோடது சறுக்குற கணக்கு."

லாரிக்குப் பார் இறக்கும் சறுக்குப் பலகையைக் காட்டினாள். அதன் தலைப்பில், பார் தானாக ஓடிவிடாமல் இருக்க ஒரு குறுக்குக் கட்டை அடித்திருப்போம். தேய்ந்து தேய்ந்து விரல் தடிமனில் நிற்கும் கட்டை அது.

"அங்க ஐஸ் உக்காந்திருக்கிற தரை கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கு. அதுவும் உள்ள போகப் போக ஆழம். ஐஸோட விளிம்பு மட்டும் ஒரு மேட்டுல நிக்குது, இந்தக் கட்டைல பார் நிக்கிற மாதிரி. அடியில வெதுவெதுன்னு கடல் தண்ணி வந்து அரிக்குது."

"அங்க ஏதும்மா வெதுவெதுப்பு?"

"நம்ம கால் பட்டா விறைச்சுப் போயிடும். ஐஸுக்கு அதுவே சூடு. மேடு இருக்கிற வரைக்கும் தாக்குப் பிடிக்கும். விளிம்பு மேட்டுக்கு அந்தப் பக்கம் நழுவிடுச்சுன்னா, அங்க பள்ளம். பள்ளத்துல ஐஸ் இன்னும் தடிமன். தடிமனா இருந்தா கடலுக்கு ஓடுறது அதிகம், உடையறது அதிகம். உடைஞ்சா விளிம்பு இன்னும் உள்ள போகும், இன்னும் பள்ளம். அப்புறம் யாரும் தள்ள வேண்டாம் மாமா. தானே தன்னைத் தள்ளிக்கும்."

"சரி, உலகம் மறுபடி குளிர்ந்தா நின்னுடாதா?"

"தாண்டறதுக்கு முன்னாடின்னா நிக்க வாய்ப்பு இருக்கு. அதுக்குத்தான் சூட்டைக் குறைங்கன்னு தொண்டை கிழியக் கத்துறோம். தாண்டினப்புறம் பழைய குளிர் திரும்பி வந்தாலும் ஐஸ் பழைய இடத்துக்குத் திரும்பாது."

"எப்போ தாண்டும்?"

"அதான் மாமா..."

"வந்துட்டியா ஆனாவுக்கு!" என்றேன்.

அவள் இரண்டு பார்களைக் காட்டினாள். ஒரே உப்புத் தண்ணீர்த் தொட்டியில், ஒரே நாளில் உறைந்த பார்கள். பக்கத்துப் பக்கத்துப் பலகையில் கட்டைக்கு அணைத்து வைக்கச் சொன்னாள். எது முதலில் நழுவும் என்று என்னைக் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, இடது பக்கம் என்றேன். இடது பக்கப் பார் நகரவில்லை. வலது பக்கத்துப் பார் நான் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பதற்குள் கட்டையை ஏறித் தாண்டி, தடதடவென்று இறங்கி, கீழே நின்ற கூடையை நொறுக்கிவிட்டது. இடது பக்கத்தது மதியச் சாப்பாடு முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோதும் அங்கேயே சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"வலது பலகையில ஈரம் கிடந்திருக்கும்" என்றேன். எனக்கா தெரியாது.

"அதேதான் மாமா. ஒரு சொட்டு. ஆரம்பத்துல ஒரு சொட்டு வித்தியாசம், முடிவுல ஒண்ணு கீழ, ஒண்ணு மேல. எந்தப் பலகையில எந்த ஓரத்துல எத்தனை சொட்டு இருந்துச்சுன்னு உங்களால முன்னாடியே சொல்ல முடியாதுல்ல? அங்கயும் அப்படித்தான். ஆனா இது விளையாட்டு. உங்க பார் இறங்க ஒரு நிமிஷம். அது இறங்க நூறு வருஷம், முன்னூறு வருஷம். அதனாலதான் யாருக்கும் பயமே வர மாட்டேங்குது."

இவ்வளவு பேசியதே அவளுக்கு மூச்சு வாங்கிற்று. கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இனி சுவருக்கு வருகிறேன்.

கீழ்த்தெருவில் தண்ணீர் ஏறுவது வருஷத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று இருந்தது போய், மாதத்துக்கு ஒரு தடவை என்றாகிவிட்டது. மீன் கூடத்திலிருந்து கீழ்த்தெரு வழியாக என் பாக்டரி முடிய ஒரு கடல் சுவர் கட்டலாம் என்று துறைமுகத்தில் கமிட்டி போட்டார்கள். இதற்கு முன்னாலும் ஒரு கமிட்டி இருந்தது. அப்போது வந்த நிபுணர், எந்த வருஷத்துக்குள் கடல் எவ்வளவு ஏறும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதையே சாக்காக வைத்துச் சுவரைக் கிடப்பில் போட்டார்கள். இந்தத் தடவை கணக்கு என் மருமகளுடையது.

அவள் ஒரே கணக்கைத் திருப்பித் திருப்பி ஓட்டினாள். அதே ஐஸ், அதே கடல், அதே சூடு. தொடக்கத்தில் மட்டும் மயிரிழை வித்தியாசம், தசமப் புள்ளிக்கு அப்பால் கடைசியில் நிற்கிற எண்ணில். விடைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. ஒரு கூட்டத்தில் ஐஸ் சீக்கிரமே மேட்டைத் தாண்டிவிட்டது. இன்னொரு கூட்டத்தில் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை தாண்டியும் மேட்டைக் கட்டிக்கொண்டு கிடந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

அவளுடைய மேலதிகாரி முதலில் மெஷின் கோளாறு என்றார். "ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் சொல்ற மெஷினை வெச்சுக்கிட்டு நான் கமிட்டிக்குப் போக முடியுமா?" மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினாள். அதே இரண்டு கூட்டம். வேறு மெஷினில் ஓட்டச் சொன்னார். அதிலும் அப்படியே. கடைசியில் அந்த மனுஷன் ஒரு காரியம் செய்தார். எல்லாப் பதிலையும் கூட்டி வகுத்துச் சராசரி போட்டார். நட்டநடுவில் ஒரு வருஷம் வந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. அதைக் கமிட்டிக்குச் சொல்லிவிட்டார், கமிட்டி இன்ஜினியரிடம் சொல்லிவிட்டது, இன்ஜினியர் அந்த வருஷத்துக்கு ஏற்ற உயரத்தில் சுவரை வரைந்தும் முடித்துவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் அந்த மேலதிகாரியைச் சராசரி சார் என்றுதான் சொல்வோம்.

ஒரு சடங்கு மட்டும் பாக்கி. கணக்குப் போட்டவரே கூட்டத்தில் எழுந்து, இது என் கணக்குதான் என்று வாயால் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் சுவர் வந்துவிடும்.

வீட்டில் மூன்று பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். சம்பந்தியும் வந்திருந்தார்.

"ஒரு ஆமாதானே? சொல்லிட்டு வந்துடு" என்றான் என் மகன்.

"அந்த வருஷம் என் கணக்குல இல்லவே இல்லைங்க. ஐஸ் சீக்கிரம் போச்சுன்னா அந்தச் சுவர் பத்தாது. தண்ணி மேலேயே ஏறி வரும். அதுல அஸ்திவாரம் ஒல்லி. அப்புறம் உயர்த்தணும்னாலும் தாங்காது, இடிச்சுட்டுத்தான் கட்டணும். எவன் கட்டுவான்?"

"முதல்ல ஒரு சுவர் வரட்டும்டி" என்றார் சம்பந்தி. "முழங்கால் தண்ணியில அடுப்பைத் தூக்கிக்கிட்டு நிக்கிறது நீயா, நானா? போன தடவை ஒரு பெரிய மனுஷன் உண்மை பேசினார். அந்த உண்மையை வெச்சு ஒரு செங்கல் வந்துச்சா?"

நானும் சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை, அதில் தப்பும் இல்லை. "உனக்குச் சுவர் வேணுமா, கணக்கு வேணுமா? உன் அம்மா வீடு இருக்கு, என் பாக்டரி இருக்கு. ஊரே காத்திருக்கு. ஆனாவை ஒரு நாளைக்கு மட்டும் வீட்ல வெச்சுட்டுப் போம்மா."

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபத்துக்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"அலுத்துப் போச்சு மாமா" என்றாள். "எனக்கும் ஆமான்னு சொல்லிட்டு வந்து படுத்துடலாம்னுதான் இருக்கு. எல்லாரும் எப்போ எப்போன்னு கேக்கறீங்க. ஒரு வருஷத்தைச் சொன்னா எல்லாரும் போயிடுவீங்க. நிம்மதியாத் தூங்கலாம்."

"அப்போ சொல்லு!"

"பார்க்கிறேன்."

கூட்டம் துறைமுக ஆபீஸ் மாடியில் நடந்தது. மேலே மின்விசிறி ஒன்று கறக் கறக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. பாக்டரி முதலாளி என்பதால் எனக்கு முன்வரிசையில் நாற்காலி. எனக்குப் பின்னால் ஏலக்காரர், படகுக்காரர்கள், கீழ்த்தெருப் பெண்கள் நின்றார்கள். கமிட்டித் தலைவி ரிட்டயரான நீதிபதி. வழவழா கொழகொழா பேச்சு அந்த அம்மாவுக்கு ஆகாது.

"உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் தலைவி. "ஆனா கீனா எதுவும் வேண்டாம். ஒரே வார்த்தையில சொல்லுங்க. இந்த வருஷம் உங்க கணக்குல வந்ததுதானே?"

என் மருமகள் எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சராசரி சார் அவளைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினார், குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர் மாதிரி.

"இல்ல" என்றாள்.

பின்னால் யாரோ அடப் பாவி என்றார்கள். சராசரி சார் பாதி எழுந்துவிட்டார். "மேடம், அவங்க சொல்ல வர்றது என்னன்னா, கணக்கு அவங்களோடதுதான், அதைச் சுருக்கினது மட்டும்..."

"நீங்க உக்காருங்க. அந்த அம்மா பேசட்டும்."

"மதில் மேல பூனை இருக்கு" என்றாள் என் மருமகள். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அது எந்தப் பக்கம் குதிக்கும்னு நான் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதித் தடவை இந்தப் பக்கம் குதிச்சுது. பாதித் தடவை அந்தப் பக்கம். எங்க சார் ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தார். சராசரியா பூனை எங்க இருக்கு? மதில் மேலயே இருக்கு. இந்த வரைபடம் குதிக்காத பூனைக்குப் போட்டது."

இப்போது ஹால் முழுக்கச் சிரித்தது. தலைவிகூட மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சுவர் போயிற்று என்று நினைத்தேன்.

"அப்போ எந்த வருஷத்துக்குக் கட்டுறது?" என்றார் தலைவி.

"எந்த வருஷத்துக்கும் கட்ட வேண்டாம் மேடம். பூனைக்கே தெரியாது எப்போ குதிக்கும்னு. குதிச்சா திரும்பி ஏறாது, அது மட்டும் நிச்சயம். அதனால அஸ்திவாரத்தை அகலமாப் போடுங்க. சுவர் இப்போதைக்குக் குட்டையா இருக்கட்டும். நாங்க வருஷா வருஷம் ஐஸைப் பார்த்துச் சொல்றோம், அதுக்கேத்த மாதிரி மேல ஏத்திக்கிட்டே போகலாம். சுவரைப் பின்னாடி உயர்த்தலாம். அஸ்திவாரத்தைப் பின்னாடி அகலப்படுத்த முடியாது."

இன்ஜினியர் குறுக்கே விழுந்தார். "சொல்றது சுலபம். அகலம் அதிகமானா, இருக்கிற சிமெண்டுக்கு நீளம் குறையும். முழுத் தூரத்துக்கும் வராது. எந்தப் பக்கத்தை விடறது? நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை.

"வீடு இருக்கிற பக்கத்தை விட முடியாது" என்றாள்.

"அப்போ ஐஸ் பாக்டரி பக்கம் வெளியே போகுது. சரியா?"

விசிறி கறக் கறக் என்றது.

"ஆமா" என்றாள்.

வீட்டில் மூன்று பேர் கெஞ்சிக் கேட்டும் வராத ஆமா அங்கே வந்தது. ஏலக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? "சபாஷ்! அம்மா வீட்டுப் பக்கம் சுவர், மாமனார் வீட்டுப் பக்கம் கடல்!" என்று கத்தினார். ஹால் அதிர்ந்தது. அவர் சொன்னது அநியாயம். அது அம்மா வீடு என்பதற்காக அவள் சொல்லவில்லை, அந்தத் தெருவில் அறுபது எழுபது குடும்பம் இருக்கிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவனுக்கு அது எப்படி இருக்கும்? நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கமிட்டி அவள் சொன்னபடியே தீர்மானம் போட்டதாகப் பிறகு மகன் சொன்னான்.

ஜெயித்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்குச் சராசரி சார் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கீழ்த்தெருவில் இடுப்புயரத்துக்கு ஒரு சுவர், அடியில் யானை படுக்கிற அகலத்துக்கு அஸ்திவாரம். பார்க்க விகாரமாகத்தான் இருக்கிறது. "உடம்பு பெருசு, தலை சிறுசு" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் கேலி செய்தார்கள். சம்பந்தியே ஒருநாள், "இவ்வளவுதானா, இன்னும் வருமா?" என்று மகளைக் கேட்டார். "வரும்மா" என்றாள். "எப்போ?" என்றார். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான் அவளோடு பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் மகன் வழியாகச் சொன்னேன். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, டீ ஆறுதுன்னு."

"மாமாகிட்ட சொல்லுங்க, எனக்கு ஆறின டீயே பழகிடுச்சுன்னு."

"நடுவுல நான் என்ன மைக் செட்டா?" என்று மகன் எழுந்து போய்விடுவான். ஆளில்லாத அறையில் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. இந்த வயதில் கோபத்தைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை, தினமும் அதற்குத் தீனி போட வேண்டியிருக்கிறது.

மழைக்காலம் ஆரம்பித்ததும் ஒருநாள் கடல் ஏறியது. கீழ்த்தெருவில் அந்தக் குட்டைச் சுவரோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் சுவர் முடிகிற இடத்தில் திரும்பி, நேராக என் பாக்டரி முற்றத்துக்கு வந்து, மிஷின் ரூம் படியை நக்கிவிட்டுப் போனது. கம்ப்ரசர் மோட்டார் தரையில் இருக்கிறது. இன்னும் ஒரு படி ஏறியிருந்தால் அது புகைந்து, பாக்டரியும் மூடியிருக்கும். ஈரத்தில் நின்று அந்தப் படியைப் பார்த்தேன். நான் அழுகிற ஆள் இல்லை. மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு, மிஷினை மேடை கட்டித் தூக்கி வை என்றேன். சுவர் இல்லாவிட்டால் என்ன? எவன் தயவிலும் நான் ஐஸ் விற்றதில்லை.

வேலை நடந்துகொண்டிருந்தபோது சாயங்காலம் அவள் வந்தாள். ஆபீசிலிருந்து நேராக வந்திருக்கிறாள், பை தோளிலேயே இருந்தது. என்னைப் பார்த்தாள், நான் செங்கல்லைப் பார்த்தேன்.

கொத்தனார் என்னிடம் கேட்டார். "எவ்வளவு உயரம் தூக்கணும் ஐயா?"

"அதுக்குன்னு படிச்சவங்க வந்திருக்காங்களே, கேளு" என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா, தண்ணி எதுவரைக்கும் வரும்?"

"தெரியாதுங்க" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமே இல்லை. என் பாக்டரியில் நின்றுகொண்டு தெரியாது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "தெரியாதுன்னா எப்படிம்மா? அவர் கட்டணும்ல?"

நேராகப் பேசிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தூக்க முடிஞ்ச வரைக்கும் தூக்குங்க மாமா. அப்புறம் இன்னும் தூக்கற மாதிரி அடியை அகலமா வெச்சுக்கோங்க."

"இந்தப் பக்கம் சுவர் வராதுன்னு தெரிஞ்சுதானே அன்னைக்கு ஆமான்னே?"

"தெரிஞ்சுதான் மாமா."

"ஒரு வார்த்தை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீங்க பேசிப் பேசியே என்னை மாத்தியிருப்பீங்க. எனக்கு அன்னைக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இல்ல."

அது உண்மைதான். பேச்சில் என்னை ஜெயித்தவன் இந்தக் கரையில் கிடையாது.

"அடியில இன்னும் ரெண்டு கல் அகலம் போடு" என்றேன் கொத்தனாரிடம்.

"இது மிஷினுக்கா, இல்ல மாளிகைக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் நூலை நகர்த்திக் கட்டினார்.

அவள் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தாள். நாங்கள் அடியைப் போட்டு, மேடையைச் செங்கல் வரி வரியாக எழுப்பினோம். என் முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது. இதற்கு மேல் மிஷினை ஏற்றினால் குழாய் எட்டாது என்றார் கொத்தனார். குழாயை நீட்டிக்கொள்ளலாம் என்றேன்.

"போதுமாம்மா?" என்று அவளைக் கேட்டேன்.

 திரும்பிப் பார்த்தால், சுவரில் தலையைச் சாய்த்து, பையை மடியில் கட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

போதும் என்று அவள் சொல்லவில்லை. இன்னும் ஒரு வரி வைக்கச் சொன்னேன்.